குடல் ஆபரேஷன் முடிஞ்சா படுத்தே கெடக்கணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கேன்சர் பத்தி நம்ம பேப்பர்கள்ல நிறைய வருது. அறிகுறி என்ன, எந்த டெஸ்ட் எடுக்கணும், எந்த ஆஸ்பத்திரில புது மிஷின் வந்திருக்கு, எல்லாம் போடறீங்க, நல்லது. ஆனா பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணி வார்டுக்கு தள்ளிக்கிட்டு வந்ததுக்கு அப்புறம் என்னென்ன சிக்கல் வரலாம், கூட இருக்கறவங்க என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு விளக்கமா யாரும் எழுதி நான் படிச்சதில்ல. எங்க குடும்பத்துல ரெண்டு பேருக்கு இந்த ஆபரேஷன் ஆச்சு, முதல்ல அப்பாவுக்கு, சில வருஷம் கழிச்சு சித்திக்கு. ரெண்டு பேர் கூடவும் ராத்திரி பகலா இருந்தது நான்தான். ரெண்டும் இதே சென்னைல, ரெண்டும் வலது பக்க பெருங்குடல்ல, ரெண்டு பேருக்கும் சுகர். ஆனா அவங்கள பாத்துக்கிட்ட விதம் மலைக்கும் மடுவுக்குமா இருந்துச்சு.

அப்பாவுக்கு பண்ணது ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரி. பேர் சொல்ல விரும்பல, ஏன்னா இது அந்த ஒரு எடத்துல மட்டும் நடக்கற விஷயம் இல்ல. ஆபரேஷன் பண்ண டாக்டர் கைய நான் குத்தம் சொல்லமாட்டேன், கட்டிய சுத்தமா எடுத்தார், நெறிகட்டியும் தேவையான அளவு எடுத்திருக்கார்னு பயாப்ஸி ரிப்போர்ட்லயே இருந்துச்சு. பிரச்சன எல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான். முதல் நாள் ராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி கூட பல்லுல படக்கூடாதுன்னாங்க, காலைல எடுக்க வேண்டிய கேஸ் மத்தியானத்துக்கு தள்ளிப்போச்சு, அந்த மனுஷன் நாக்கு ஒட்டிக்கிட்டு பேசவே முடியாம உள்ள போனார். வெளிய வரும்போது மூக்குல டியூப், வயித்துல ட்ரெயின்னு உள்ள தேங்கற கசிவ வெளிய எடுக்கற ஒரு குழாய், மூத்திரத்துக்கு டியூப், ரெண்டு கைலயும் ட்ரிப்ஸ். வயித்துல இருந்து கேஸ், அதாவது வாயு, பிரியற வரைக்கும் வாய் வழியா ஒண்ணும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பஞ்ச நனைச்சு ஒதட்டுல தொட்டு வைக்கறது மட்டும்தான் என் வேல. அவர எழுந்து உக்கார வைக்கலாமான்னு கேட்டா, ரெஸ்ட் எடுக்கட்டும்மா பெரிய ஆபரேஷன்னு பதில் வரும். வயிறு உப்பிக்கிட்டே போச்சு, மூக்கு டியூப்ல பச்சையா வந்து பையில ரொம்பும், அப்புறம் நெஞ்சுல சளி கட்டி அது நிமோனியாவா மாறி திரும்ப ஐசியு. பில்லு ஏறுனது ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்கு நெறிகட்டில பரவி இருந்ததால ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ குடுக்கணும், அத சாதாரணமா எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு சொல்வாங்க, உடம்பு தேறாததால அது தள்ளிப்போச்சு. கேன்சர் கேஸ்ல இந்த தாமதத்த சும்மா விட முடியாதுங்க, கீமோ லேட்டாக லேட்டாக அதோட பலன் குறையுதுன்னு பல நாட்டு டேட்டாவ சேத்து பாத்தே சொல்லி இருக்காங்க.

சித்திக்கு ஆபரேஷன் ஆனது ஒரு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில, முதலமைச்சர் காப்பீட்டு கார்டுலதான். நான் பழைய ஞாபகத்துல பஞ்சு எல்லாம் ரெடியா எடுத்துட்டு போனேன். அங்க மயக்க டாக்டர் முதல் நாளே வந்து உக்காந்து பேசினார். ராத்திரி சாப்பாடு லைட்டா சாப்பிடுங்க, காலைல ஆபரேஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் வெறும் தண்ணி குடிக்கலாம்னார். நான் ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடுமேன்னுதான் அந்தக் காலத்துல ராத்திரில இருந்தே பட்டினி போட்டாங்க, ஆனா வெறும் தண்ணி வயித்துல தங்கறதில்ல, சீக்கிரமே எறங்கிடும், அதனால திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணிக்கு ரெண்டு மணி நேரம் போதும்னு மயக்க மருந்து டாக்டர்கள் சங்கங்களே வழிமுறை போட்டு பல வருஷம் ஆச்சாம். சில எடத்துல மாவுச்சத்து கலந்த இனிப்பு பானமும் தர்றாங்க, சித்திக்கு சுகர்னால அத தரல. குடல் அடைச்சுக்கிட்டு வாந்தியோட வர்ற பேஷண்டுக்கு இந்த கணக்கெல்லாம் பொருந்தாதுன்னும் அவரே சொன்னார், அதனால இத படிச்சிட்டு யாரும் டாக்டர கேக்காம தண்ணி குடுத்துடாதீங்க.

ஆபரேஷன் ஆனவங்கள சீக்கிரம் தேறி எழுந்திருக்க வைக்கற இந்த முறைக்கு ஈராஸ்னு பேர். 1990கள்ல டென்மார்க்ல ஹென்ரிக் கெலெட்னு ஒரு சர்ஜன், ஆபரேஷன் நல்லா முடிஞ்ச பேஷண்ட் ஏன் இத்தன நாள் பெட்லயே இருக்கார்ங்கற ஒரே கேள்விய புடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்தார். வலியா, குடல் வேல செய்யலையா, வாந்தியா, பலவீனமா, இல்ல நாமளே சொருகி வெச்ச டியூபும் நாமளே போட்ட பட்டினியுமா? அப்படி பாத்ததுல பாதி விஷயம் பழக்கத்துல செஞ்சுக்கிட்டு வந்ததுதான், அதுக்கு ஆதாரமே இல்லன்னு தெரிஞ்சுது. 2001ல ஐரோப்பிய டாக்டர்கள் சில பேர் சேந்து இத ஒரு முறையா வகுக்க ஆரம்பிச்சாங்க, 2010ல அதுக்குன்னு ஒரு சங்கமே ஸ்வீடன்ல பதிவாச்சு. 2014ல 16 ஆய்வுகள், மொத்தம் 2376 பேஷண்ட், எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பாத்தப்போ சிக்கல்கள் ஏறக்கொறைய 40 சதவீதம் கம்மியாச்சு, ஆஸ்பத்திரில இருக்கற நாளும் ரெண்டு நாளுக்கு மேல கொறஞ்சுது, அதுக்காக திரும்ப அட்மிட் ஆகறவங்க எண்ணிக்க ஏறவும் இல்ல. இதுல ஒண்ண கவனிக்கணும். கம்மியானது பெரும்பாலும் நுரையீரல், இதயம், யூரின் இன்ஃபெக்ஷன் மாதிரி விஷயங்கள்தான். தையல் போட்ட எடத்துல லீக் ஆகறது மாதிரியான ஆபரேஷன் சார்ந்த சிக்கல் அந்த அளவுக்கு கொறையல. அதனால சீக்கிரம் நடக்க வெச்சுட்டோம் இனிமே பயமே இல்லன்னு யாரும் நெனச்சுடக்கூடாது, அதுக்கு அப்புறம் வர்றேன்.

சித்திக்கு மூக்குல டியூபே இல்ல. வயித்துல ட்ரெயினும் வெக்கல, வழக்கமான குடல் ஆபரேஷனுக்கு அது வேணும்னு இல்லையாம். மார்ஃபின் மாதிரி மருந்து குடலோட அசைவ மந்தமாக்கிடும்ங்கறதால அத முடிஞ்ச அளவு தவிர்த்து, வயித்து தசைல மரத்துப்போற ஊசி போட்டு, பாராசிட்டமால நேரம் தவறாம குடுத்தாங்க. வலி வந்தா கேளுங்கன்னு விடாம, வலி வர்றதுக்கு முன்னாடியே மணி பாத்து குடுத்தாங்க, அங்கதான் விஷயமே இருக்கு, வலிச்சா மனுஷன் இருமவும் மாட்டான், எழுந்திருக்கவும் மாட்டான். அன்னிக்கு சாயங்காலமே கட்டில் ஓரத்துல கால தொங்கபோட்டு உக்கார வெச்சாங்க. மறுநாள் காலைல யூரின் டியூப எடுத்துட்டாங்க, பாத்ரூமுக்கு நடந்துதான் போகணும். பிசியோதெரபி பொண்ணு ஒண்ணு வந்து, ஒரு தலகாணிய வயித்தோட அணைச்சு புடிச்சுக்கிட்டு இருமுங்கம்மான்னு சொல்லிக் குடுத்துச்சு. அப்படி புடிச்சா தையல் இழுக்கறது அவ்வளவா தெரியாது.

மூச்சுப் பயிற்சிக்குன்னு அந்த மூணு பந்து வெச்ச பிளாஸ்டிக் டப்பா இருக்கே, அத பத்தி தனியா சொல்லணும். எல்லா வார்டுலயும் அத வாங்கிட்டு வர சொல்றாங்க, மெடிக்கல்ல வாங்கி குடுத்துடறோம், அதுக்கப்புறம் எப்படி யூஸ் பண்றதுன்னு யாரும் சொல்றதில்ல. நான் பாத்த வரைக்கும் பக்கத்து பெட்டு, எதிர் பெட்டு எல்லாரும் பலூன் ஊதற மாதிரி அத ஊதிக்கிட்டு இருந்தாங்க. ஊதக்கூடாதுங்க, மூச்ச மெதுவா உள்ள இழுக்கணும், இழுத்து பந்த மேல தூக்கி கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தணும். அப்போதான் நுரையீரல் அடிப்பகுதி விரியும், சளி தேங்காது. அப்பாவோட டப்பா கவர் கூட பிரிக்காம ஜன்னல் கட்டைலயே இருந்துச்சு, எடுத்து குடுத்து பழக்கறதுக்கு அந்த வார்டுல ஒருத்தரும் வரல.

சாப்பாடு விஷயம்தான் நம்மாளுங்க ரொம்ப அடிச்சுக்கற விஷயம். சித்திக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்கே தண்ணி சொட்டு சொட்டா, மறுநாள் கஞ்சி, மோர், அப்புறம் இட்லிய பால்ல ஊற வெச்சு. பாக்க வந்த அத்தைக்கு தூக்கிவாரிப் போட்டுடுச்சு. குடல வெட்டி தச்சிருக்காங்க, அதுக்குள்ள இட்லியா, தையல் பிரிஞ்சிடாதா, தயிர் மோர் எல்லாம் சீழ் வைக்குமேன்னு ஒரே பேச்சு. நர்ஸ் பொறுமையா சொன்னாங்க, வயிறு சும்மா இருந்தாலும் எச்சிலும் பித்தமும் ஜீரண நீரும் லிட்டர் கணக்குல அந்த தையல் வழியாதான் போகுது, இட்லி போய் அத பிரிக்கப்போறதில்ல, சத்து போனாதான் புண்ணு ஆறும்னு. ஆபரேஷனுக்கு அப்புறம் சிறுகுடல் சில மணி நேரத்துலேயே அசைய ஆரம்பிச்சிடும், வயிறு ஒரு நாள் ரெண்டு நாள்ல சரியாகிடும், பெருங்குடல்தான் ரெண்டு மூணு நாள் எடுக்கும். கேஸ் போற வரைக்கும் காத்திருக்கணும்னு சொல்றது அந்த கடைசி ஆள் எழுந்திருக்கற வரைக்கும் வீட்ல யாருக்கும் சோறு போடமாட்டேன்னு சொல்ற மாதிரி. சூயிங்கம் கூட மெல்ல சொன்னாங்க, சுகர் ஃப்ரீ கம், நான் கேன்டீன் பக்கத்து கடைல போய் வாங்கிட்டு வந்தேன். மென்னா மூளை சாப்பாடு வருதுன்னு நெனச்சு குடல தட்டி எழுப்புதாம். பெரிய மாயம் ஒண்ணும் இல்ல, சின்ன உதவி, ஆனா செலவும் இல்ல ஆபத்தும் இல்ல. இதெல்லாம் செஞ்சும் சில பேருக்கு வாந்தி வந்து வயிறு உப்பத்தான் செய்யும், அப்போ சாப்பாட நிறுத்தி டியூப் போடறதுல தப்பே இல்ல.

இன்னொண்ணு ட்ரிப்ஸ். நம்ம ஊர்ல ட்ரிப்ஸ் ஏறுனாதான் வைத்தியம் நடக்குதுன்னு நம்பறோம், பாட்டில் தீந்துடுச்சுன்னா ஓடிப்போய் நர்ஸ கூப்பிடறோம், நிறுத்திட்டாங்கன்னா ஏன் ஒண்ணும் ஏத்தல கவனிக்கவே மாட்டேங்கறாங்கன்னு சண்ட போடறோம். அளவுக்கு மேல உப்புத்தண்ணி ஏறுனா குடல் சுவரே வீங்கி அசையாம போயிடும், நுரையீரல்லயும் நீர் கோத்துக்கும். வாயால குடிக்க ஆரம்பிச்சதும் ட்ரிப்ஸ கழட்டறதுதான் நல்ல கவனிப்பு. இத டாக்டர்கள் வாய விட்டு சொல்லணும், சொல்லாம கழட்டுனா ஜனங்க தப்பாதான் நெனப்பாங்க.

இப்போ லீக் விஷயத்துக்கு வர்றேன், தயவு செஞ்சு இத மட்டும் வெட்டாம போடுங்க. கெட்டுப்போன பகுதிய எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்து தைக்கறாங்க இல்லையா, அந்த ஜாயிண்ட் சில பேருக்கு ஒட்டாம கசிஞ்சிடும். பெருங்குடல் ஆபரேஷன்ல நூத்துக்கு ஒரு சில பேருக்கு நடக்கும், மலக்குடல்ல கீழ போகப் போக இன்னும் அதிகம், அதனாலதான் அங்க சில பேருக்கு முன்ஜாக்கிரதையா கொஞ்ச மாசத்துக்கு மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல பை வைக்கறாங்க. புகை பிடிக்கறவங்க, ரத்தம் கம்மியா இருக்கறவங்க, சத்து இல்லாம உடம்பு எளச்சவங்க, ஸ்டீராய்ட் எடுக்கறவங்க, அடைப்போட அவசரமா ஆபரேஷன் ஆனவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி. இது பெரும்பாலும் முதல் ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள தெரியும், அதுக்கப்புறம் கூட வரலாம். சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போற பேஷண்டுக்கு இது வீட்ல வெச்சு நடக்கலாம். ஜுரம், குளிர் நடுக்கம், நாடி படபடன்னு வேகமா அடிக்கறது, கொறஞ்சுக்கிட்டு வந்த வயித்து வலி திரும்ப ஏறறது, வயிறு கல்லு மாதிரி ஆகறது, நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க திடீர்னு வேண்டாம்னு ஒதுக்கறது, வாந்தி, மூச்சு வாங்கறது, ஆள் கொழம்பி பேசறது, இதுல எது வந்தாலும் பக்கத்து கிளினிக்ல ஜுர ஊசி போட்டுக்கிட்டு காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாது, ராத்திரி எத்தன மணியானாலும் ஆபரேஷன் பண்ண எடத்துக்கு போன் பண்ணணும், இல்ல 108க்கு அடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும். வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மூணாவது நாலாவது நாள் சிஆர்பின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, சுமார் 150க்கு கீழ இருந்து எறங்கிக்கிட்டும் இருந்தா லீக் இருக்க சான்ஸ் ரொம்ப கம்மின்னு அர்த்தம், அதுக்கு மேல நின்னா டாக்டர் ஸ்கேன் பத்தி யோசிப்பார். எல்லா லேப்லயும் எடுக்கற சாதாரண டெஸ்ட்தான் அது. சித்திக்கு எடுத்து பாத்துட்டுதான் அனுப்பினாங்க.

கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டற ஆபத்தும் இருக்கு, கேன்சர் பேஷண்டுக்கு அது மத்தவங்கள விட அதிகம், அதனால பல பேருக்கு வீட்டுக்கு போன அப்புறமும் சேத்து மொத்தம் நாலு வாரம் தொப்புள் பக்கம் போடற ஊசி எழுதி தருவாங்க. ஊசிக்கு காசு ஆகுதுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. ஒத்த கால் மட்டும் வீங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே போகணும்.

சென்னைக்கு இது ஏன் இன்னும் முக்கியம்னு சொல்றேன். இங்க ஆபரேஷன் பண்ணிக்கறவங்க எல்லாரும் இங்கயே இருக்கறவங்க இல்ல. கிரீம்ஸ் ரோடு பக்கம் லாட்ஜ்ல பாத்தா மேற்கு வங்காளம், பங்களாதேஷ், ஆந்திரான்னு ஜனங்க சமையல் பாத்திரத்தோட தங்கி இருக்காங்க. சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜிஎச்சுக்கும் அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கும் திருவண்ணாமல, விழுப்புரம், வேலூர்னு வந்துட்டு பஸ்லயும் ட்ரெயின்லயும் ஊருக்கு திரும்பறாங்க. அங்க போய் ஜுரம் வந்தா பாக்கற டாக்டருக்கு இவங்களுக்கு என்ன ஆபரேஷன் ஆச்சு, எந்த எடத்துல ஜாயிண்ட் போட்டாங்கன்னு தெரியாது. கைல இருக்கற டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க இங்கிலீஷ், அதுல கடைசி வரில ரிவ்யூ ஆஃப்டர் ஒன் வீக்னு மட்டும் இருக்கும். அப்பாவோட சம்மரில போன் நம்பர்னு இருந்தது ரிசப்ஷன் நம்பர், ராத்திரி அடிச்சா ஓபி காலைல ஒன்பது மணிக்குன்னு ரெக்கார்டு வாய்ஸ்தான் வரும்.

அதனால நான் கேக்கறது ரெண்டே விஷயம், பெரிய மிஷின் இல்ல, புது பில்டிங் இல்ல. குடல் ஆபரேஷன் பண்ற ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், கவர்ன்மென்டோ ப்ரைவேட்டோ, ஆபரேஷனுக்கு முன்னாடியே தமிழ்ல ஒரு தாள் குடுக்கணும், எப்போ வரைக்கும் தண்ணி குடிக்கலாம், எப்போ உக்காரணும், எப்போ நடக்கணும், என்ன சாப்பிடலாம், அந்த பந்து டப்பாவ எப்படி இழுக்கணும், எந்த அறிகுறி வந்தா ஓடி வரணும்னு, பெரிய எழுத்துல, படம் போட்டு. அந்த தாள்லயே ராத்திரியும் ஆள் எடுக்கற ஒரு போன் நம்பர் இருக்கணும், எடுக்கறவங்க குடல் ஆபரேஷன் வார்டு தெரிஞ்சவங்களா இருக்கணும். கவர்ன்மென்டுக்கு இன்னும் ஒண்ணு சொல்லலாம். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிபி மாத்திர வீட்டுக்கே வருது, பிசியோதெரபி கூட வீட்டுக்கு வந்து பண்றாங்க. அந்த ஊழியர்கள் கிட்ட ஆபரேஷன் முடிஞ்சு வீடு திரும்பற கேன்சர் பேஷண்ட் லிஸ்ட்டும் போனா, முதல் ரெண்டு வாரத்துல ஒரு தடவ போய் நாடியும் ஜுரமும் பாத்து புண்ண பாத்துட்டு வர முடியும். வழி ஏற்கனவே இருக்கு, இந்த ஒரு வேலைய அதுல சேக்கணும், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு தேதி குடுத்துட்டு காத்திருக்கற அந்த வாரங்களும் வீணாத்தான் போகுது. 2023ல வெளியான ஒரு ஆய்வுல, 251 பேஷண்ட், ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு வாரம் உடற்பயிற்சி, புரதச்சத்து, சிகரெட் நிறுத்த உதவி, மனசுக்கு தைரியம்னு தயார் பண்ணவங்கள்ல கடுமையான சிக்கல் 17 சதவீதம், சாதாரணமா போனவங்கள்ல 30 சதவீதம் கிட்ட. நம்ம வீட்ல கேன்சர்னு தெரிஞ்ச அன்னிக்கே ஆள பெட்ல படுக்க வெச்சு வேல எதுவும் செய்ய விடமாட்டோம். டாக்டர் கிட்ட கேட்டுட்டு தினமும் நடக்க விடுங்க, மாடிப்படி ஏற விடுங்க, முட்ட, சுண்டல், மீன், பயிறுன்னு குடுங்க, ரத்தம் கம்மின்னா அத முதல்லயே சரி பண்ண சொல்லி கேளுங்க, சிகரெட்ட குறைஞ்சது நாலு வாரம் முன்னாடி நிறுத்துங்க. அவசர கேஸ்ல இதுக்கு நேரம் இருக்காது, ஆனா தேதி குடுத்த கேஸ்ல கண்டிப்பா இருக்கு.

பாக்க வர்ற சொந்தக்காரங்களுக்கும் ஒரு வார்த்த. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்து கட்டில சுத்தி நின்னு எழுந்திருக்காதீங்க எழுந்திருக்காதீங்கன்னு சொல்றத விட, அவங்க கைய புடிச்சு வராண்டால ஒரு நட கூட்டிட்டு போங்க. சித்தி அப்படித்தான் எங்க எல்லார் கையையும் மாத்தி மாத்தி புடிச்சு நடந்தாங்க, கீமோவும் சொன்ன தேதில ஆரம்பிச்சுது.

ஆசிரியர் ஐயா, உங்க மருத்துவ பக்கத்துல ஒரு வாரம் ஒரு குடல் சர்ஜனையும் ஒரு மயக்க டாக்டரையும் ஒரு வார்டு நர்ஸையும் சேத்து கேட்டு, நான் மேல எழுதுன அந்த ஆபத்து அறிகுறிகள ஒரு கட்டம் கட்டி, வெட்டி எடுத்து வெச்சுக்கற மாதிரி போடுங்க. ஆஸ்பத்திரிகள் தாள் அடிச்சு குடுக்கற வரைக்கும் உங்க பேப்பர்ல வர்றத ஜனங்க பர்ஸ்ல மடிச்சு வெச்சுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொளத்தூர், சென்னை